1871 முழுச் சூரிய கிரகணமும் நீலகிரி ஒளிப்படங்களும்

1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலையில் தென்னிந்தியாவிலும் இலங்கையின் வடபகுதியிலும் ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. தமிழ்க் கணக்கில் அது பிரசோற்பத்தி ஆண்டு, கார்த்திகை மாத அமாவாசை. நிலவின் நிழல் அரபிக்கடலிலிருந்து மலபார்க் கரையில் ஏறி, நீலகிரி, கோயம்புத்தூர், புதுக்கோட்டை வழியாகச் சென்று, யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டுக் கடலில் இறங்கியது. அந்தப் பாதை நெடுக ஐரோப்பாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த வானியலாளர்கள் தொலைநோக்கிகளோடும் ஒளிப்படக் கருவிகளோடும் காத்திருந்தார்கள். முழு மறைப்பு நீடித்தது சுமார் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் தொட்டபெட்டாவிலும் பேக்கல் கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் எடுக்கப்பட்ட படங்கள், சூரியனைச் சுற்றித் தெரியும் கொரோனா என்னும் ஒளிமகுடம் உண்மையில் எதற்குச் சொந்தமானது என்ற நீண்ட வழக்கைத் தீர்க்க உதவின.

தமிழக வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சி அதிகம் பேசப்படுவதில்லை. அறிவியல் வரலாற்றில் 1868 குண்டூர் கிரகணத்துக்குக் கிடைத்த புகழ் 1871-க்குக் கிடைக்கவில்லை. குண்டூருக்கு ஹீலியம் என்ற பெயர் துணை இருந்தது. நீலகிரிக்கு அப்படி ஒரு பெயர் அமையவில்லை.

வழக்கு என்ன?

முழுக் கிரகணத்தின்போது கரிய நிலவைச் சுற்றி முத்து நிறத்தில் ஓர் ஒளி விரியும். பண்டைக் காலம் முதலே மனிதர் அதைப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் அது என்ன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அது சூரியனின் வளிமண்டலம் என்றனர் சிலர். நிலவின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒளி என்றனர் வேறு சிலர். நம் பூமியின் காற்றில் ஏற்படும் வெறும் மினுக்கம் என்று கருதியவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேய வானியலாளர் நார்மன் லாக்கியரே கொரோனாவின் வெளிப்பகுதியில் பெரும் பங்கு பூமியின் காற்றால் உண்டாவது என்ற பக்கம் சாய்ந்திருந்தார்.

கையால் வரைந்த படங்கள் இதில் உதவவில்லை. ஒரே மேடையில் அருகருகே நின்ற இருவர் வரைந்த கொரோனாக்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவர் நட்சத்திர வடிவம் வரைவார், மற்றவர் வட்டமாக வரைவார். இருட்டுக்குப் பழகாத கண், இரண்டே நிமிடம், நடுங்கும் கை. வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஒளிப்படத் தகடு மட்டுமே நடுநிலைச் சாட்சியாக இருக்க முடியும் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது.

தர்க்கம் எளிமையானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி உள்ள இரண்டு ஊர்களிலிருந்து எடுத்த படங்களில் கொரோனாவின் கதிர்களும் இடைவெளிகளும் அப்படியே ஒத்திருந்தால், அது அந்தந்த ஊரின் காற்றில் பிறந்த ஒளியாக இருக்க முடியாது. நிழல் ஓர் ஊரைக் கடந்து மற்றோர் ஊரை அடைவதற்குள் நிலவு சூரியனுக்கு முன்னால் சற்று நகர்ந்திருக்கும். அப்போதும் கொரோனா சூரியனோடு ஒட்டி நின்றால் அது நிலவுக்குரியதும் அல்ல.

இதே முறையில் ஒரு சிறு வழக்கு முன்பே தீர்ந்திருந்தது. 1851 ஜூலை 28 அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பெர்கோவ்ஸ்கி என்ற ஒளிப்படக்காரர் முழுக் கிரகணத்தின் முதல் தெளிவான படத்தை வெள்ளித் தகட்டில் எடுத்தார். 1860 ஜூலை 18 அன்று ஸ்பெயினில் வாரன் தெ லா ரூ ஓரிடத்திலும் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி வேறோரிடத்திலும் படம் எடுத்தார்கள். இரண்டிலும் சூரிய விளிம்பில் எழும் செந்நிறச் சுடர்நாக்குகள் ஒத்திருந்தன. அவை சூரியனுடையவை என்பது உறுதியானது. ஆனால் மங்கலான கொரோனா அவ்வளவு எளிதாகத் தகட்டில் விழவில்லை.

குண்டூரில் கற்ற பாடம்

1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது மேஜர் ஜேம்ஸ் பிரான்சிஸ் டென்னன்ட் சென்னை மாகாணத்தின் குண்டூரில் முகாமிட்டார். வெள்ளி பூசிய கண்ணாடி ஆடி கொண்ட ஒரு தொலைநோக்கியில் ஆறு தகடுகள் எடுக்கப்பட்டன. அன்று மெல்லிய மேகம் படர்ந்திருந்தது. சுடர்நாக்குகள் நன்றாகப் பதிந்தன. கொரோனாவோ ஏறக்குறைய பதியவே இல்லை. அதே ஊரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு அறிஞர் பியர் ஜான்சென் நிறமாலைக் கருவி மூலம் சுடர்நாக்குகளின் ஒளிக்கோடுகளைப் பார்த்தார். அவை பிரகாசமாக இருந்ததால் கிரகணம் இல்லாத நாளிலும் தெரியும் என்று ஊகித்து, மறுநாள் பார்த்தும் காட்டினார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வான்கூடத்தின் தலைவர் நார்மன் போக்சன் இருந்தார். அவருடைய உதவியாளரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்திக்குச் சென்று அந்தக் கிரகணத்தைப் பார்த்தார். இவரே பின்னர் 1872-இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியர்.

அந்தக் கிரகணத்தின் நிழல் கிழக்கே சயாம் வரை சென்றது. அதை முன்கூட்டியே கணித்த மன்னர் மோங்குட், கடலோரக் காட்டுப் பகுதியான வா-கோவுக்குச் சென்று பார்த்தார். கணிப்பு சரியாக இருந்தது. ஆனால் அங்கே அவருக்கு மலேரியா பிடித்தது; அக்டோபர் 1 அன்று இறந்தார். தொலைதூரத்தில் கிரகணம் பார்க்கப் போவது அந்த நாளில் விளையாட்டான காரியம் அல்ல.

1870 டிசம்பர் 22 கிரகணத்துக்குப் பலர் ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள். ஜான்சென் அப்போது பிரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்த பாரிஸுக்குள் இருந்தார். ஆங்கிலேய நண்பர்கள் வழியாகப் பாதுகாப்பான வழி கேட்டுப் பெறலாம் என்ற யோசனையை விட்டுவிட்டு, கருவிகளோடு ஒரு பலூனில் ஏறிப் படைகளுக்கு மேலாகப் பறந்து தப்பினார். அல்ஜீரியாவின் ஓரான் நகரை அடைந்தார். கிரகண நேரத்தில் மேகம் மூடிவிட்டது. அந்த ஏமாற்றத்தோடுதான் அவர் மறு ஆண்டு நீலகிரிக்கு வந்தார்.

1870-இல் சிசிலியிலும் ஸ்பெயினிலும் எடுக்கப்பட்ட இரு படங்களில், கொரோனாவில் ஒரே இடத்தில் ஆப்பு வடிவ இடைவெளி தெரிந்தது. இது நல்ல அடையாளம்தான்; ஆனால் ஆளுக்கொரு படத்தை வைத்து முடிவு கட்டப் பலர் தயங்கினர். அடுத்த வாய்ப்பு தமிழகத்தில் அமைந்தது.

நிழல் விழுந்த ஊர்கள்

காஞ்சிபுரம், சென்னை முதலிய வடக்கு ஊர்கள் நிழல் பாதைக்கு வெளியே இருந்தன; அங்கே பகுதி கிரகணம் மட்டுமே. மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கொரோனாவின் மொத்த ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சூரியனில் நூற்றில் 99 பங்கு மறைந்தாலும் மிஞ்சிய ஒரு பங்கு கொரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமானது. ஆகவே 'கிட்டத்தட்ட முழுக் கிரகணம்' என்பது இந்த ஆய்வுக்குச் சிறிதும் பயன்படாது. காஞ்சியில் இருந்தவர் வழக்கம்போல் குளத்தில் மூழ்கி எழுந்து, கோயில் நடை திறக்கும் வரை காத்திருக்கலாம். கொரோனாவைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே பயணப்பட்டே ஆகவேண்டும்.

கிரகணத்தைக் கணிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கிரகண நாளில் வழங்கிய தானங்களைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கர்கள் 41 விநாடி மட்டுமே குறைவாகக் கணித்ததையும், ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியதையும் குறித்து வைத்தார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கணக்கிடும் முறை அது. எப்போது மறையும் என்று சொல்ல அது போதும். மறைந்தபின் தெரிவது என்ன என்ற கேள்வி அந்த மரபுக்குள் எழவில்லை. 1871-இல் வந்தவர்கள் கொண்டு வந்தது அந்தக் கேள்வியைத்தான்.

பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் குழுவை லாக்கியர் தலைமை ஏற்று நடத்தினார். அக்டோபர் இறுதியில் சவுத்தாம்ப்டனிலிருந்து மிர்சாப்பூர் என்னும் நீராவிக் கப்பலில் புறப்பட்டு இலங்கையின் காலித் துறைமுகத்தை அடைந்தார்கள். அங்கிருந்து குழு பிரிந்தது. லாக்கியரும் ஒளிப்படக்காரர் ஹென்றி டேவிஸும் கடற்படைக் கப்பலில் பேக்கலுக்குப் போனார்கள். சிலர் வயநாட்டு மானந்தவாடிக்கும், சிலர் புதுக்கோட்டைக்கும், சிலர் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போனார்கள். ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோர் இடமாவது தப்பும் என்ற கணக்கு அது. சென்னை வான்கூடத்தைச் சேர்ந்த போக்சன் குழு அவிநாசியில் முகாமிட்டது. ஜான்சென் மலபாரிலும் மைசூரிலும் வானிலையை விசாரித்து, இறுதியில் நீலகிரியின் சோலூரைத் தேர்ந்தார். இந்திய அரசின் சார்பில் டென்னன்ட் குழு தொட்டபெட்டா உச்சியை எடுத்துக்கொண்டது.

தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், நீலகிரியின் தலை. இன்று வாகனத்தில் ஏறிச் சென்று தேநீர் குடித்துவிட்டு இறங்கலாம். 1871-இல் ரயில் மேட்டுப்பாளையத்துக்குக்கூட வரவில்லை. அது வந்தது 1873-இல். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-இல். தொலைநோக்கியின் இரும்புத் தாங்கிகள், ஆடிகள், கண்ணாடித் தகடுகள், வெள்ளி நைட்ரேட், ஈதர் கலந்த கொலோடியன் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் ஆகிய எல்லாம் மாட்டு வண்டியிலும் மனிதர் தோளிலும்தான் மலையேறின. அறிக்கைகளில் அதிகாரிகளின் பெயர்கள் முன்நிற்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் நம் கைக்கு வரவில்லை.

ஈரத் தகட்டின் கணக்கு

அக்கால ஒளிப்பட முறையைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் அந்த இரண்டு நிமிடத்தின் நெருக்கடி விளங்கும். ஈரக் கொலோடியன் முறையில் தகட்டைக் கடையில் வாங்க முடியாது. எடுக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும். துடைத்த கண்ணாடியில் அயோடைடு கலந்த கொலோடியனை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்துச் சமமாகப் பரப்ப வேண்டும். அது இறுகும் தறுவாயில் இருட்டறைக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கினால், ஒளி உணரும் வெள்ளி அயோடைடு உண்டாகும். சொட்டும் ஈரத்தோடு உறையில் வைத்துக் கருவியில் செருகி, ஒளி காட்டி, மீண்டும் இருட்டறைக்கு ஓடி, இரும்பு சல்பேட் போன்ற கரைசலை ஊற்றிப் படத்தை வெளிக்கொணர வேண்டும். இடையில் தகடு காய்ந்தால் படம் கெடும். சமவெளி வெயிலில் சில நிமிடங்களே கிடைக்கும். மலையுச்சியின் காலைக் குளிர் இந்த வகையில் பெரும் அனுகூலம்.

இரண்டு நிமிடத்தில் ஆறு படம் வேண்டுமென்றால், ஒன்றை எடுத்துக் கழுவிவிட்டு அடுத்ததைத் தயாரிக்க முடியாது. முழு மறைப்புக்குச் சற்று முன்பே எல்லாத் தகடுகளையும் தயார் செய்து உறைகளில் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் முதலில் செய்த தகடு காத்திருந்து காய்வதற்கும் கடைசித் தகடு முடிவதற்கும் இடையே ஒரு போட்டி. ஒருவர் தகடு செய்ய, ஒருவர் கொண்டுவர, ஒருவர் மாற்ற, ஒருவர் உரக்க நொடி எண்ண வேண்டும். இதைப் பல நாள் ஒத்திகை பார்க்காமல் செய்ய முடியாது.

இன்னொரு சிக்கல் பூமியின் சுழற்சி. வானில் சூரியன் தன் விட்டத்தின் அளவு தூரம் நகர ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் ஆகும். அதாவது அந்த முழு மறைப்பு நேரத்துக்குள் சூரியன் தன் முழு அகலத்துக்கு நகர்ந்துவிடும். மங்கலான கொரோனா பதிய வேண்டுமானால் தகட்டைப் பல நொடிகள் திறந்து வைக்க வேண்டும். அதுவரை கருவி சூரியனோடு கூடவே திரும்ப வேண்டும். எனவே கடிகாரப் பொறியால் இயங்கும் தாங்கி தேவை. மலையுச்சியில் காற்று அடித்தாலோ யாராவது அருகில் அழுத்தி மிதித்து நடந்தாலோ படம் கலங்கும். ஒளிகாட்டும் நேரத்திலும் ஒரே அளவு போதாது. உள் கொரோனா பிரகாசமானது, வெளி கொரோனா மங்கல். குறைந்த நேரத் தகட்டில் ஒன்று தெரியும், கூடுதல் நேரத் தகட்டில் மற்றொன்று தெரியும். வெவ்வேறு நேரம் கொடுத்த ஒரு வரிசை எடுத்தால்தான் முழு வடிவம் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கையோடு எடுத்துப் போகக்கூடிய உலர்ந்த ஜெலட்டின் தகட்டைப் பற்றி ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் எழுதிய முதல் குறிப்பு 1871 செப்டம்பரில்தான் வெளிவந்தது. அது நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. தொட்டபெட்டாவுக்கு ஏறிய புட்டிகளுக்கு அது மூன்று மாதம் முந்திய செய்தி. பயன் ஏதும் இல்லை.

அந்தக் காலை

காலை ஏறத்தாழ ஏழரை மணிக்கு முழு மறைப்பு நிகழ்ந்தது. சூரியன் கீழ்வானில் தாழ்ந்தே இருந்தது. தொட்டபெட்டாவில் வானம் தெளிவாக இருந்தது. ஒளிப்படப் பொறுப்பு இந்திய நில அளவைத் துறையின் கேப்டன் ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸிடம் இருந்தது; ஆறு தகடுகள் எடுக்கப்பட்டன. கேப்டன் ஜான் ஹெர்ஷல் நிறமாலையைக் கவனித்தார். குண்டூரில் கிடைக்காத கொரோனா இம்முறை கதிர் கதிராகப் பதிந்தது.

பேக்கலில் டேவிஸ் ஐந்து படங்கள் எடுத்தார். லாக்கியர் காய்ச்சலோடு கோட்டை மேட்டில் தொலைநோக்கி முன் இருந்தார். ஒளி குறைந்தபோது ஊரார் சூரியனை விழுங்கும் பாம்பை விரட்டச் சருகு கொளுத்த முயன்றதாகவும், புகை எழுந்து கருவிகளை மறைக்காமல் போலீசார் அதை அணைத்ததாகவும் அவர் தரப்பில் எழுதப்பட்டது. அந்தக் காலத்து ஆங்கிலக் கிரகண நூல்களில் இப்படி ஒரு காட்சி இல்லாமல் இருக்காது. ஊரார் தரப்பில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அந்த நூல்கள் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் கேப்டன் ஹாக் படம் எடுத்தார். புதுக்கோட்டையில் நிலைமை வேறு. அங்கே ராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சியில், லூயிஸ் கரோல் நூலுக்குப் பின்னாளில் படம் வரைந்த ஓவியர் ஹென்றி ஹாலிடே கொரோனாவைக் கையால் வரைந்தார். உடனிருந்த இத்தாலியர் லொரன்சோ ரெஸ்பிகி, தொலைநோக்கியின் முன் முப்பட்டகம் பொருத்தி, கொரோனாவைத் தனித்தனி நிற வளையங்களாகப் பார்த்தார். பயிற்சி பெற்ற ஓவியரின் கையும் தகடும் ஒரே காலையில் போட்டியிட்ட கடைசிக் கிரகணங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

சோலூரில் ஜான்செனுக்கு வானம் கைகொடுத்தது. ஒளி நிறையத் திரட்டும் ஓர் ஆடித் தொலைநோக்கியை அவர் வைத்திருந்தார். கொரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளை அவர் கண்டார். கொரோனா ஒளியின் ஒரு பகுதி, சூரியனைச் சுற்றியுள்ள துகள்களில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே என்பதற்கு அது நேரடிச் சான்று. பாரிஸிலிருந்து பலூனில் தப்பியவர் ஓராண்டு கழித்துப் படுகர் ஊர் ஒன்றின் அருகே தாம் தேடியதைப் பெற்றார்.

தகடுகள் சொன்னது

படங்கள் இங்கிலாந்தில் ஒன்றுசேர்ந்தன. பேக்கல், தொட்டபெட்டா ஆகிய இரு வரிசைகளும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடப்பட்டன. ஒன்று கடல் மட்டம், மற்றொன்று இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேலான உயரம். காற்றின் அடர்த்தியே வேறு. ஆயினும் கதிர்களும் பிளவுகளும் வளைவுகளும் பொருந்தின. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் முதல் படம் முதல் கடைசிப் படம் வரை நிலவு நகர்கிறது, கொரோனா நகரவில்லை. பூமியின் காற்றும் நிலவின் விளிம்பும் வழக்கிலிருந்து விடுபட்டன. கொரோனா சூரியனுடையது.

தகடுகளில் இருந்த நுட்பத்தை அன்றைய அச்சு முறையால் அப்படியே காட்ட இயலவில்லை. ஆகவே வெஸ்லி என்ற வரைவாளர் ஒவ்வொரு தகட்டையும் உற்றுப் பார்த்து ஒன்றுசேர்த்து வரைந்தார். கிரகணப் பதிவுகள் அனைத்தையும் தொகுத்த ஆர்தர் ரானியார்டின் பெரிய நூல் 1879-இல் அரச வானியல் கழகத்தின் வெளியீடாக வந்தபோது அந்த வரைபடங்கள் அதில் இடம்பெற்றன. கையை நம்பாமல் தகட்டை நாடியவர்கள், தகட்டைக் காட்ட மீண்டும் கையிடமே போக வேண்டியிருந்தது.

கொரோனாவின் நிறமாலையில் இருந்த ஒரு பச்சைக் கோடு மட்டும் வெகுகாலம் புதிராக நீடித்தது. அது 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அணுவின் ஒளி என்று சுவீடனின் எட்லென் 1940-களின் தொடக்கத்தில் காட்டினார். அப்படியானால் கொரோனாவின் வெப்பம் பத்து லட்சம் பாகையை எட்ட வேண்டும். சூரியப் பரப்போ ஆறாயிரம் பாகைக்குள். ஏன் இவ்வளவு வெப்பம் என்பது இன்றும் ஆய்வில் இருக்கும் கேள்வி.

பிறகு நடந்தவை

ஜான்சென் 1874-இல் வெள்ளி இடைமறிப்பைப் படம்பிடிக்க ஜப்பான் சென்றபோது, தகட்டைத் தானே திருப்பி அடுத்தடுத்துப் படமெடுக்கும் சுழல் கருவி ஒன்றைக் கொண்டு சென்றார். திரைப்படக் கருவியின் முன்னோடிகளுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுவர். வாட்டர்ஹவுஸ் 1875 ஏப்ரல் கிரகணத்துக்கு நிக்கோபாரின் கமோர்ட்டா தீவுக்குப் போனார், மேகம் மூடியது. எனினும் அதே ஆண்டு, இயோசின் சாயம் சேர்த்த தகடுகள் பச்சை, மஞ்சள் ஒளியையும் உணரும் என்று அவர் கண்டறிந்தது ஒளிப்பட வரலாற்றில் நிலைத்தது.

இந்தியாவில் அடுத்த பெரிய வாய்ப்பு 1898 ஜனவரி 22. பூனாவின் கவாஸ்ஜி நாயகம்வாலா மகாராட்டிரத்தின் ஜேயூரில் கருவி அமைத்தார். அதே பகுதியில் அமெரிக்காவின் லிக் வான்கூடத்தினர் 40 அடி நீளக் கருவியோடு வந்திருந்தார்கள். ஆனி மாண்டர் ஒன்றரை அங்குல வில்லை கொண்ட சிறிய கருவியில், அதுவரை யாரும் பிடிக்காத நீளத்துக்குக் கொரோனாவின் ஒரு கதிரைப் பிடித்தார். மறு ஆண்டு கொடைக்கானல் வான்கூடம் பணி தொடங்கியது. கிரகணத்துக்குக் காத்திராமல் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் வேலை அங்கே 1900-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது.

2019 டிசம்பர் 26 அன்று காலை, ஏறத்தாழ 1871-இன் அதே தடத்தில், காசர்கோட்டிலிருந்து உதகை, கோவை, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் நோக்கி மற்றொரு கிரகண நிழல் சென்றது. பல்லாயிரம் பேர் கைபேசியிலும் கேமராவிலும் படம் எடுத்தார்கள். அது வளையக் கிரகணம். விளிம்பில் எஞ்சிய சூரிய வளையத்தின் ஒளியில் கொரோனா ஒரு படத்திலும் தெரியவில்லை.